எத்தனை பாகையில் கோணல்?

நிமிர்தல் என்ற சொல் தமிழில் உடலுக்கும் உரியது, ஒழுக்கத்துக்கும் உரியது. ‘நிமிர்ந்து நில்’ என்று பிள்ளைக்குச் சொல்லும்போது நாம் முதுகைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ‘கூனிக் குறுகினான்’ என்றால் யாரும் அவனை எலும்பு வைத்தியரிடம் அனுப்புவதில்லை. மந்தரையைக் கூனி என்றே அழைத்து, முதுகின் வளைவையும் மனதின் வளைவையும் ஒன்றாகக் கட்டிவிட்டோம். கூன்பாண்டியனின் கூன் நிமிர்ந்து அவன் நின்றசீர் நெடுமாறன் ஆனதை அருளின் அடையாளமாகச் சொல்லி வருகிறோம். வளைந்தது குறை, நிமிர்ந்தது நிறை என்ற தீர்ப்பு எந்த வைத்தியரும் வாய் திறப்பதற்கு முன்பே நம் மொழிக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த மொழியோடுதான் எங்கள் மூத்த தலைமுறை இப்போது முள்ளந்தண்டு நிபுணர்களின் அறைகளுக்குள் போகிறது. 1980களில் இருபது, இருபத்தைந்து வயதில் ஐரோப்பாவுக்கு வந்தவர்கள் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். உணவகங்களின் பின்னறைகளில் பாத்திரம் கழுவியும், அலுவலகங்களைத் துப்புரவு செய்தும், களஞ்சியங்களில் பெட்டி தூக்கியும் தேய்ந்த முதுகுகள் அவர்களுடையவை. இடைத்தட்டுகள் வற்றுகின்றன, மூட்டுகள் தேய்கின்றன, இடுப்புக்கு மேலே இருந்த இயல்பான உள்வளைவு தட்டையாகிறது, உடல் முன்னோக்கிச் சாய்கிறது. ஒருநாள் நிபுணர் கணினித்திரையில் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, அதன்மேல் கோடுகள் இழுத்து, ஒரு எழுத்தும் சில கூட்டல் குறிகளும் சொல்கிறார். அதன் பிறகு ‘சத்திரசிகிச்சை’ என்ற சொல் வருகிறது.

அந்த எழுத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை. ஒரு வகைப்பாடு ஒரு மனிதருக்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்ல முடியுமா? முடியாதென்றால், அதைச் சொல்லவேண்டியவர் யார்?

*

முதலில் அந்த எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். 1948இல் ஜோன் கொப் என்ற அமெரிக்க எலும்பு வைத்தியர், பக்கவாட்டில் வளைந்த முள்ளந்தண்டை அளக்க ஒரு எளிய முறையை முன்வைத்தார். வளைவின் மேல்முனையில் அதிகம் சாய்ந்திருக்கும் முள்ளெலும்பின் மேற்பரப்பிலும், கீழ்முனையில் அதிகம் சாய்ந்திருக்கும் எலும்பின் அடிப்பரப்பிலும் கோடு இழுத்து, இரண்டுக்கும் இடையிலான கோணத்தை அளப்பது. இன்றுவரை 10 பாகையைத் தொட்டால்தான் அந்த வளைவு நோய்ப்பெயர் பெறுகிறது. 9 பாகைக்காரருக்குப் பெயர் இல்லை. ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே சில பாகை வேறுபடும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

பதின்ம வயதினரின் வளைவுக்கு இது பெரும் உதவியாக இருந்தது. வயது வந்தவர்களில் சிக்கல் வேறு. அவர்கள் வைத்தியரிடம் வருவது வளைவு தெரிகிறது என்பதற்காக அல்ல, வலிக்கிறது என்பதற்காக. நிற்க முடியவில்லை, கடைக்குப் போய்வர முடியவில்லை என்பதற்காக. 2005இல் சுவிஸ் நிபுணர் மக்ஸ் ஏபி வயது வந்தோர் வளைவுகளைக் காரணத்தின் அடிப்படையில் பிரித்தார்: வயதான பின் தேய்மானத்தால் புதிதாக வந்தவை, சிறுவயதில் தொடங்கி வளர்ந்தவை, கால்நீள வேறுபாடு அல்லது எலும்பு நோய் போன்ற வேறொன்றால் வந்தவை. எங்கிருந்து வந்தது என்பதை இந்தப் பிரிப்பு சொன்னது. என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருந்தது.

2012இல் முள்ளந்தண்டுக் கோணல் ஆய்வுச் சங்கமும் பிராங்க் ஷ்வாப் தலைமையிலான குழுவும் வெளியிட்ட வகைப்பாடுதான் இன்று உலகெங்கும் அதிகம் பேசப்படுவது. முன்னிருந்து பார்க்கும்போது 30 பாகையைத் தாண்டிய வளைவு நெஞ்சுப்பகுதியில் மட்டும் இருந்தால் ‘ரி’. இடுப்புக்கு மேற்பகுதியில் மட்டும் இருந்தால் ‘எல்’. இரண்டிலும் இருந்தால் ‘டி’. எங்கும் இல்லையென்றால் ‘என்’. பிறகு பக்கத்திலிருந்து பார்த்து மூன்று அளவுகள். ஒவ்வொன்றுக்கும் பூச்சியம், ஒரு கூட்டல், இரு கூட்டல் என்று தரம்.

முதலாவது, இடுப்பெலும்பின் வடிவம் கேட்கும் உள்வளைவுக்கும் உண்மையில் இருக்கும் உள்வளைவுக்கும் உள்ள வித்தியாசம். 10 பாகைக்குள் என்றால் பூச்சியம்; 20ஐத் தாண்டினால் இரு கூட்டல். ஒவ்வொருவருக்கும் இடுப்பெலும்பின் கோணம் வேறு என்பதை பிரான்சின் ஜினெற் டுவால்-போபேர் காட்டியதன் பிறகுதான் இப்படி அளக்க முடிந்தது. எல்லோருக்கும் ஒரே வளைவு சரி என்ற எண்ணம் அதோடு விழுந்தது.

இரண்டாவது, சாய்வு. சுவர் நேராக இருக்கிறதா என்று மேசன் தூக்குக்குண்டு பிடிப்பது போல, கழுத்தின் ஏழாவது எலும்பிலிருந்து ஒரு நேர்கோட்டை இறக்குகிறார்கள். அது இடுப்போடு சேரும் அடி எலும்பின் பின்மூலைக்கு எத்தனை சென்ரிமீற்றர் முன்னால் விழுகிறது? 4க்குள் என்றால் பூச்சியம், 9.5ஐத் தாண்டினால் இரு கூட்டல்.

மூன்றாவது, இடுப்பெலும்பு எவ்வளவு பின்னோக்கிச் சுழன்றிருக்கிறது என்பது. 20 பாகைக்குள் பூச்சியம். 30ஐத் தாண்டினால் இரு கூட்டல். மூன்றிலும் எனக்கு அதிகம் யோசனை தந்தது இதுதான். உடல் முன்னால் சாயத் தொடங்கியதும் மனிதர் விழுந்துவிடுவதில்லை. இடுப்பைப் பின்னால் சுழற்றி, முழங்காலைச் சற்று மடித்து, கழுத்தை நிமிர்த்தி, தலையைக் கால்களுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்துகிறார். பிரெஞ்சு நிபுணர் ஜோன் டுபுசே இதை ஒரு கூம்பாக வருணித்தார்: பாதங்களைச் சுற்றிய சிறு வட்டத்திலிருந்து மேலே விரியும் அந்தக் கூம்புக்குள் உடல் நிற்கும்வரை நிற்பதற்குச் செலவு குறைவு. அதன் ஓரத்துக்கு வரவர ஒவ்வொரு நிமிடமும் தசைகள் விலை கொடுக்கின்றன. ஆகவே ஒருவர் பார்வைக்கு நேராக நிற்கலாம், தூக்குநூலும் நல்ல இடத்தில் விழலாம். அதை அவர் என்ன விலைக்கு வாங்குகிறார் என்பது இடுப்பின் சுழற்சியில்தான் தெரியும். வெளியே தெரியாத உழைப்பைக் கண்டுகொள்ளும் ஒரு அளவை மருத்துவம் உருவாக்கியிருக்கிறது. அதற்காக அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

*

வகைப்பாடு என்றாலே மனிதரை எண்ணாக்குவது என்று முகம் சுளிப்பது எழுத்தாளர்களுக்கு எளிது. எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடில்லை. வகைப்பாடு இல்லாத இடத்தில் சுதந்திரம் இருப்பதில்லை. தனி வைத்தியரின் பழக்கமும், அந்த ஊரின் வழக்கமும், வைத்தியசாலையின் வரவுசெலவும் அந்த இடத்தை நிரப்பிக்கொள்கின்றன.

ஜேர்மனியிலேயே உதாரணம் இருக்கிறது. பேற்றெல்ஸ்மன் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டில் நடந்த முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைகள் 2007இல் சுமார் 4,52,000 ஆக இருந்து 2015இல் சுமார் 7,72,000 ஆக உயர்ந்தன. 71 சதவீத உயர்வு. எட்டு ஆண்டுகளில் ஜேர்மனியரின் முதுகுகள் அத்தனை மோசமாகிவிட்டன என்று நம்புவது கடினம். அதே அறிக்கை, மாவட்டத்துக்கு மாவட்டம் சத்திரசிகிச்சை வீதம் 13 மடங்கு வரை வேறுபட்டதையும் காட்டியது. ஒருவரின் முதுகு வெட்டப்படுமா இல்லையா என்பதை அவரது முகவரி தீர்மானிக்கிறது என்றால், அது நோயாளரின் தனித்தன்மையை மதிப்பதல்ல. ஒத்த நிலையில் உள்ளவர்கள் ஒத்த விதமாக நடத்தப்படவேண்டும் என்பது நீதியின் மிகப் பழைய விதி. யார் யாருக்கு ஒத்தவர் என்று சொல்ல ஒரு வகைப்பாடு வேண்டும்.

அதோடு, ஒருவருக்கொருவர் அனுபவத்தைக் கடத்தவும் அது வேண்டும். சென்னையில் ஒரு வைத்தியர் செய்ததை பேர்லினில் ஒருவர் கற்றுக்கொள்ள, இருவரும் ஒரே நிலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்ற உறுதி தேவை. 2012 வகைப்பாட்டை வெளியிட்டவர்கள், பல வைத்தியர்கள் ஒரே படங்களைப் பார்த்து ஒரே தரத்துக்கு வருகிறார்களா, அதே ஆள் மறுமுறை பார்த்தாலும் அதையே சொல்கிறாரா என்று சோதித்துத்தான் வெளியிட்டார்கள். அந்த நேர்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

ஆனால் எல்லோரும் ஒரே தரத்தைச் சொல்கிறார்கள் என்பது, அந்தத் தரம் எதைச் செய்யச் சொல்கிறது என்பதற்கு ஆதாரமாகாது. இங்கே மூன்று தாண்டல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நிபுணரின் அறையில் நாம் கவனிக்காமலே தாண்டிவிடுகிறோம்.

முதல் தாண்டல், வடிவத்திலிருந்து துன்பத்துக்கு. ஷ்வாப் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், இடுப்பின் சுழற்சி 22 பாகை, சாய்வு 47 மில்லிமீற்றர், உள்வளைவு வித்தியாசம் 11 பாகை என்ற எல்லைகளுக்கு அருகே கடுமையான இயலாமை தொடங்குவதாகக் கண்டார்கள். ஆனால் இது ஒரு கூட்டத்தின் சராசரிப் போக்கு. இரு கூட்டல் வாங்கியும் தோட்டம் கொத்துபவர் இருக்கிறார். மூன்று பூச்சியம் வாங்கியும் படுக்கையை விட்டு எழும்ப முடியாதவர் இருக்கிறார். மேலும், வயது. வேர்ஜினி லபாஜ் குழுவினர் 2016இல் வயதுக்கேற்ற இலக்குகளைக் கணக்கிட்டபோது, சாய்வின் இலக்கு 35 வயதுக்குக் கீழே சுமார் 4 மில்லிமீற்றராகவும் 75 வயதுக்கு மேலே சுமார் 78 மில்லிமீற்றராகவும் வந்தது. அதாவது 2012 வகைப்பாட்டில் ஒரு கூட்டல் வாங்கும் முதியவர், தன் வயதுக்கு இயல்பாகவே நிற்கக்கூடும். கோணலுக்கும் மூப்புக்கும் நடுவே கோட்டை எக்ஸ்ரே இழுப்பதில்லை, நாம்தான் இழுக்கிறோம்.

இரண்டாவது தாண்டல், துன்பத்திலிருந்து செயலுக்கு. துன்பம் பெரியது என்பதால் மட்டும் அதற்கான மருந்து சரியானது ஆகாது. பெரிய கோணலைத் திருத்தும் சத்திரசிகிச்சை பல மணிநேரம் நீள்வது. பல எலும்புகளைத் திருகாணிகளாலும் தண்டுகளாலும் ஒன்றாகக் கட்டுவது. சிக்கலான வயதுவந்தோர் கோணல்களில், ‘ஸ்கோலி-ரிஸ்க்-1’ என்ற பன்னாட்டு ஆய்வு 272 பேரைத் தொடர்ந்து கவனித்தது. வீடு திரும்பும் நேரத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கால் தசைகளின் பலம் முன்பைவிடக் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் அது ஏறக்குறைய பத்தில் ஒருவராகியது. தேறியவர்களும் ஏராளம். ஆனால் எவரும் இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துக் கேட்காமல் கையொப்பம் இடக்கூடாது.

மூன்றாவது தாண்டல், பலரிலிருந்து ஒருவருக்கு. இதற்கு 2019இல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வு நல்ல பாடம். இடுப்புக்கு மேற்பகுதியில் வளைவும் வலியும் உள்ளவர்களில் 63 பேரைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, 30 பேருக்குச் சத்திரசிகிச்சை, 33 பேருக்கு அது இல்லாத பராமரிப்பு என்று ஒதுக்கினார்கள். சத்திரசிகிச்சை இல்லை என்று ஒதுக்கப்பட்டவர்களில் 64 சதவீதமானோர் பின்னர் சத்திரசிகிச்சைக்கே மாறிவிட்டார்கள். ஒதுக்கீட்டின்படி கணக்கிட்டால் தெளிவான முடிவு கிடைக்கவில்லை. உண்மையில் யார் எதைப் பெற்றார் என்று கணக்கிட்டால் சத்திரசிகிச்சை பெற்றோர் கூடுதலாக முன்னேறினார்கள். பெறாதோர் சராசரியாக இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஆய்வாளருக்கு இது தலைவலி. எனக்கோ இது மனிதரைப் பற்றிய செய்தி: அவர்கள் தங்கள் வகைக்குள் அடங்கி இருக்கவில்லை. ஒருவருக்கு ‘இருந்த இடத்திலேயே இருப்பது’ தாங்கமுடியாதது. இன்னொருவருக்கு அதுவே போதுமானது. எது போதும் என்பதை எந்தப் பாகையும் சொல்லாது.

*

இதை நான் எழுதுவது ஷோனெஃபெல்டிலிருந்து. பேர்லின் நகரின் தென்கிழக்கு விளிம்பில், பிரண்டன்பேர்க் மாநிலத்துக்குள் இருக்கும் சிற்றூர். 2020 ஒக்ரோபர் 31ஆம் திகதி திறந்த புதிய விமான நிலையம்தான் இன்று இதன் அடையாளம். எங்கள் மூத்தவர்களுக்கு இந்தப் பெயர் வேறொன்றை நினைவூட்டும். 1980களின் முதற்பாதியில், கிழக்கு ஜேர்மனியின் விமான நிலையமாக இருந்த ஷோனெஃபெல்டில் இறங்கி, கிழக்கு பேர்லின் வழியாகப் போய், பிரீட்றிக்ஸ்ராஸ நிலையத்தில் மேற்குக்குள் நுழைந்த இலங்கைத் தமிழர் பலர். மேற்கு ஜேர்மனி அந்தக் கோட்டை நாட்டெல்லை என்று ஏற்றுக்கொள்ளாததால் அங்கே கடவுச்சீட்டுப் பரிசோதனை வைக்கவில்லை. 1985 யூலையில் இலங்கையருக்கும், 1986 ஒக்ரோபரில் மற்றவர்களுக்கும், மேற்கின் விசா இல்லாமல் கடந்துபோக விடுவதில்லை என்று கிழக்கு ஜேர்மனி அந்த வழியை மூடியது.

கடந்து வந்தவர்களுக்குக் காத்திருந்ததும் ஒரு வகைப்பாடுதான். நீ அரசியல் அகதியா, போரில் பொதுவாகத் துன்பப்பட்டவனா, பிழைப்புக்காக வந்தவனா? 1989 யூலை 10ஆம் திகதி ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் தமிழர் வழக்குகளில் அளித்த தீர்ப்பு இன்றும் ‘தமிழர் தீர்ப்பு’ என்றே சட்ட நூல்களில் பேசப்படுகிறது. உள்நாட்டுப் போரின் பொதுத் துயரம் எங்கே முடிகிறது, ஒருவரின் அடையாளத்துக்காக அரசு அவரைக் குறிவைக்கும் துன்புறுத்தல் எங்கே தொடங்குகிறது, சொந்த நாட்டுக்குள்ளேயே அவர் போய் ஒதுங்க வேறிடம் உண்டா என்று அது கோடு இழுக்க முயன்றது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தவர் தங்கினார். அந்தப் பக்கம் விழுந்தவர் ‘டுல்டுங்’ என்ற தற்காலிகப் பொறுத்தருளலை மாதக்கணக்கில் புதுப்பித்துக்கொண்டு வாழ்ந்தார். இருவருக்கும் ஒரே ஊர், ஒரே குண்டு.

இரண்டையும் நான் ஒன்றாகச் சொல்வதாக நினைக்கவேண்டாம். எல்லையில் நடந்த வகைப்பாடு கதவைக் காப்பதற்கானது. வைத்தியரின் வகைப்பாடு நோயாளருக்கு உதவுவதற்கானது. ஆனால் வகைப்படுத்தப்பட்டவர்களுக்கு நேர்வது இரண்டிலும் சில வழிகளில் ஒத்துப்போகிறது. கனடிய மெய்யியலாளர் இயன் ஹக்கிங் இதை விரிவாக எழுதியிருக்கிறார்: கல்லுக்குப் பெயர் வைத்தால் கல் மாறுவதில்லை, மனிதருக்கு ஒரு வகைப்பெயர் வைத்தால் அவர் அதைக் கேட்டு மாறுகிறார், அவர் மாறுவதால் அந்த வகையும் மாறுகிறது. அகதி விசாரணையில் எங்கள் ஆட்கள் தங்கள் வாழ்க்கையை அதிகாரியின் படிவத்துக்கு ஏற்ற கதையாகச் சொல்லப் பழகினார்கள். படிவத்தில் இடமில்லாத துயரங்களைச் சொல்லாமல் விட்டார்கள். நாளடைவில் தங்களுக்கே அவற்றைச் சொல்லாமல் விட்டார்கள்.

நிபுணரின் அறையிலும் அது நடக்கிறது. ‘உங்கள் சாய்வு இரு கூட்டல்’ என்று கேட்டவர் அன்று மாலை கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் விதம் மாறுகிறது. நேற்றுவரை ‘கொஞ்சம் முதுகு பிடிக்குது’ என்றவர் இன்று தன்னைக் கோணலானவர் என்று எண்ணுகிறார். நிமிர்வை ஒழுக்கமாகப் பேசும் மொழியில் வளர்ந்தவருக்கு அந்தச் சொல் எலும்போடு நிற்பதில்லை. தாங்கக்கூடியதாக இருந்த வலி, திருத்தப்படவேண்டிய குறையாகிறது. இதில் சிலருக்கு நன்மையும் உண்டு. பல வருடம் ‘வயதுக்கு வாறதுதானே’ என்று தள்ளிவிடப்பட்டவருக்கு, தன் துன்பத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே பெரிய ஆறுதல். பெயர் இரண்டையும் செய்யும். அதனால்தான் பெயரோடு நின்றுவிடக்கூடாது.

*

இரண்டு பேரை எண்ணிக்கொள்வோம். இருவருக்கும் 68 வயது, இருவரும் பெண்கள், இருவரின் படத்திலும் ஒரே எழுத்து, ஒரே கூட்டல்கள். ஒருவருக்குப் பேரப்பிள்ளையைப் பாடசாலைக்கு நடத்திக் கூட்டிப் போகவேண்டும். 200 மீற்றர் நடந்ததும் சுவரைப் பிடிக்கவேண்டியிருக்கிறது. அது அவருக்கு அவமானம். மற்றவர் அதிகம் நடப்பதில்லை. ஆனால் தினமும் தரையில் உட்கார்ந்து சாமிக்கு விளக்கேற்றுவார், பாயிலிருந்து காய்கறி வெட்டுவார், குனிந்து கால் கழுவுவார், கோயிலில் விழுந்து கும்பிடுவார்.

முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியை இடுப்புவரை இறுக்கிக் கட்டினால் முதலாமவருக்கு நடை கிடைக்கலாம். இரண்டாமவரும் நேராக நிற்பார். ஆனால் தரை அவருக்குத் தூரமாகிவிடும். கீழே விழுந்த சாவியை எடுப்பது, காலுறை போடுவது, கழிப்பறையில் தன்னைத் தானே சுத்தம் செய்வது எல்லாம் கடினமாகலாம். எக்ஸ்ரேயில் இருவருக்கும் ஒரே வெற்றி.

‘ஆனால் கேள்விக்கொத்து இருக்கிறதே’ என்று ஒருவர் சொல்லலாம். உண்மை. இங்கிலாந்தின் ஒஸ்வெஸ்ட்ரியில் உருவாகி 1980இல் வெளியான இயலாமைக் கேள்விக்கொத்து இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. வலி, சுயபராமரிப்பு, பாரம் தூக்குதல், நடத்தல், இருத்தல், நிற்றல், உறக்கம், தாம்பத்தியம், சமூக வாழ்க்கை, பயணம் என்று 10 பகுதிகள். நல்ல கேள்விகள். ‘இருத்தல்’ என்று அது கேட்பது நாற்காலியை நினைத்துத்தான். தரையில் இருக்க முடிகிறதா என்று அது கேட்பதில்லை. அதைத் தயாரித்தவர்களின் குற்றம் என்று இதைச் சொல்லமுடியாது. அவர்கள் தங்கள் முன் வந்தவர்களின் வாழ்க்கையைக் கேட்டார்கள். எங்கள் வாழ்க்கையை நாங்கள்தான் சொல்லவேண்டும்.

ஆனால் சொல்வது யார்? பெரும்பாலான குடும்பங்களில் அப்பாவோ அம்மாவோ நிபுணரின் முன் மௌனமாக இருக்க, மகளோ மகனோ பேசுகிறார்கள். இரண்டாம் தலைமுறை வாசகர்களுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். பத்து வயதில் வாடகை ஒப்பந்தம், பதினைந்தில் வரிக்கடிதம், நாற்பதில் முள்ளந்தண்டு. ஜேர்மனியில் 2013இல் வந்த நோயாளர் உரிமைச் சட்டம், சத்திரசிகிச்சைக்கு முன் விளக்கம் வாய்மொழியாகவும், யோசிக்கப் போதிய காலத்துக்கு முன்பும், நோயாளருக்கு விளங்கும் விதமாகவும் தரப்படவேண்டும் என்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பாளரின் செலவைப் பொதுக் காப்புறுதி வழக்கமாக ஏற்பதில்லை. ஆகவே ‘விளங்கும் விதமாக’ என்ற சொல்லின் பாரம் பிள்ளையின் தோளில் விழுகிறது.

அங்கே ஒரு மெல்லிய தவறு எளிதில் நடக்கும். வைத்தியர் மகளைப் பார்த்துப் பேசுகிறார். மகள் படித்தவள், எண்களை விளங்கிக்கொள்கிறாள், கேள்வி கேட்கிறாள், முடிவுக்கும் வந்துவிடுகிறாள். அம்மாவிடம் திரும்பி ‘செய்தால் நல்லதாம் அம்மா’ என்கிறாள். அம்மா ‘நீங்கள் பார்த்துச் செய்யுங்கோ பிள்ளை’ என்கிறார். வைத்தியர் வகைப்பாட்டின்மேல் பாரத்தை வைத்தார், மகள் வைத்தியர்மேல் வைத்தாள், அம்மா மகள்மேல் வைத்தார். கடைசியில் முடிவெடுத்தவர் என்று ஒருவரும் இல்லை. எல்லோரும் அன்போடும் பொறுப்போடும்தான் நடந்துகொண்டார்கள். ஆனாலும் அந்த முதுகோடு மிச்ச நாளை வாழப்போகிறவரின் விருப்பம் அந்த அறைக்குள் உச்சரிக்கப்படவே இல்லை.

*

அரிஸ்ரோட்டில் தன் ஒழுக்கவியல் நூலில், லெஸ்போஸ் தீவின் கொத்தர்கள் பயன்படுத்திய ஈய அளவுகோலைக் குறிப்பிடுகிறார். இரும்புக் கோல் கல்லின் வடிவத்துக்கு வளையாது. ஈயக் கோல் கல்லோடு வளைந்து அதன் உண்மையான உருவை அளக்கும். பொதுச் சட்டம் தவறவிடும் இடத்தை நிரப்பும் நியாய உணர்வுக்கு அவர் அதை உவமையாக்கினார். இந்த உவமையில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வளைந்தாலும் அது அளவுகோல்தான். அதை எறிந்துவிட்டுக் கண்மதிப்பில் கட்டுங்கள் என்று அவர் சொல்லவில்லை. வகைப்பாட்டை எறிந்தால் மாவட்டத்துக்கு மாவட்டம் 13 மடங்கு வேறுபடும் உலகத்துக்குத் திரும்புவோம். இரும்பாகவே பிடித்தால் 78 மில்லிமீற்றரில் நிம்மதியாக நிற்கும் முதியவரை 4க்கு இழுக்க முயல்வோம். லபாஜ் குழுவின் வயதுக்கேற்ற இலக்குகள், அந்தக் கோல் ஈயமாக மாறத் தொடங்கியதன் அடையாளம் என்றே நினைக்கிறேன். வயதுக்கு வளைந்த கோல் வாழ்க்கை முறைக்கும் வளையவேண்டும். அது ஆய்வுக்கட்டுரையில் முடியாது. அந்த அறைக்குள்தான் முடியும்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் இதைத் தன் வழியில் வரிசைப்படுத்தியிருக்கிறது. கற்றறிந்த வைத்தியர் கருதவேண்டிய மூன்றில் முதலில் வருபவர் நோயுற்றவர்; நோயின் அளவு அதற்குப் பின்னர்தான்; காலம் மூன்றாவது. அடுத்த குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கும்போதும் நோயாளரையே முதலில் வைக்கிறது. அருகிருந்து கவனிப்பவரையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே எண்ணுகிறது. வள்ளுவருக்கு எக்ஸ்ரே தெரியாது. ஆனால் அளக்கும் அறிவை எந்த இடத்தில் வைக்கவேண்டும் என்பது தெரிந்திருந்தது.

இதிலிருந்து நடைமுறைக்கு என்ன கிடைக்கிறது? வைத்தியரிடம் தரத்தைக் கேட்ட பிறகு இன்னும் சில கேள்விகள் கேட்கலாம். இதே தரம் உள்ள, இதே வயதினருக்கு நீங்கள் சத்திரசிகிச்சை செய்யாமல் விட்டதுண்டா, அவர்கள் எப்படி இருக்கிறார்கள்? செய்தால் எதைச் செய்ய முடியும், எதை இனிச் செய்யமுடியாது? தரையில் உட்காரமுடியுமா? முதுகைக் கட்டியபின் மீண்டும் திறக்கவேண்டி வரும் வாய்ப்பு எவ்வளவு? ஜேர்மனியில் 2021 முதல் திட்டமிட்ட முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைகள் பலவற்றுக்கு, அந்தச் சத்திரசிகிச்சையைச் செய்யப்போகாத வேறொரு நிபுணரிடம் இரண்டாவது கருத்துப் பெறும் சட்ட உரிமை இருக்கிறது. அதை ஆகக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே நோயாளருக்கு அறிவிக்கவேண்டியதும் வைத்தியரின் கடமை. வைத்தியரைச் சந்தேகிப்பதாகிவிடுமோ என்று எங்கள் பெரியவர்கள் இதைத் தவிர்க்கிறார்கள். சட்டம் இதைச் சந்தேகமாகக் கருதவில்லை; முதல் வைத்தியரே சொல்லவேண்டிய தகவலாக வைத்திருக்கிறது.

மொழிபெயர்க்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. ‘டொக்டர் என்ன சொல்கிறார்’ என்பதைத் தமிழில் சொல்வது உங்கள் வேலையில் பாதிதான். அம்மா என்ன செய்ய விரும்புகிறார் என்பதை ஜேர்மன் மொழியில் சொல்வது மறுபாதி. அதற்கு முதல்நாள் இரவு, வைத்தியசாலைக்கு வெளியே, அவசரமில்லாமல் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: ‘முதுகு எப்பிடி இருந்தால் உங்களுக்குப் போதும் அம்மா?’ இதற்கு அவர் உடனே பதில் சொல்லமாட்டார். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். எல்லையில் கேட்டவர்கள் எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய் என்று கேட்டார்கள். வேலைத்தலத்தில் எவ்வளவு தூக்குவாய் என்று கேட்டார்கள். எது போதும் என்பது புதிய கேள்வி.

பதில் வரும்வரை காத்திருங்கள். அவர் நடக்கவேண்டும் என்று சொல்லலாம். தரையில் இருக்கவேண்டும் என்று சொல்லலாம். இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன் என்றும் சொல்லலாம். எதுவானாலும் மறுநாள் திரையில் தோன்றும் எழுத்துக்கும் கூட்டல் குறிகளுக்கும் பக்கத்தில் வைக்க அது ஒன்று இருக்கும்.